பிடி டவரை விற்றதில் எனக்கு வருத்தமில்லை

லண்டன் ட்ரம்மண்ட் தெருவில் தோசை சாப்பிட்டுவிட்டு வாரன் ஸ்ட்ரீட் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது பிடி (BT) டவர் என்ற பழைய தொலைத்தொடர்புக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பது என் வழக்கம். 2024 பிப்ரவரியில் பிடி, அதாவது பிரிட்டிஷ் டெலிகாம் என்ற தொலைபேசி நிறுவனம், அதை ஒரு அமெரிக்க ஹோட்டல் நிறுவனத்துக்கு 27.5 கோடி பவுண்டுக்கு விற்பதாக அறிவித்ததும், மக்கள் சொத்து போச்சே என்று நண்பர்கள் பலர் புலம்பினார்கள். மக்கள் உள்ளே போயே நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது ஐயா!

தபாலும் தொலைபேசியும் ஒரே துறையாக இருந்த காலத்தில் கட்டியது. அதனால் அன்று அதன் பெயர் போஸ்ட் ஆபீஸ் டவர். ஊர்விட்டு ஊர் போகும் தொலைபேசி அழைப்புகளும் டிவி ஒளிபரப்பும் மைக்ரோவேவ் என்ற ஒருவகை ரேடியோ அலைகளில் பறந்த நாட்கள் அவை. அந்த அலைக்கு ஒரு பிடிவாதம் உண்டு: நேர்கோட்டில்தான் போகும். நடுவில் ஒரு கட்டடமோ குன்றோ வந்துவிட்டால் கதை முடிந்தது. லண்டன் கூரைகளையும் சுற்றியுள்ள குன்றுகளையும் தாண்டிப் பார்க்கும் உயரம் வேண்டும் என்றுதான் 177 மீட்டருக்கு எழுப்பினார்கள். உயரம் மட்டும் போதாது, ஆடவும் கூடாது. ஆன்டெனா கொஞ்சம் திரும்பினாலும் அலை குறி தவறிவிடும். காற்று வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று எரிக் பெட்ஃபோர்ட் தலைமையிலான அரசுக் கட்டடக் கலைஞர்கள் அதை உருளையாக வடித்தார்கள். நடுப்பகுதியில் சுவரே இல்லாமல் ஆன்டெனாக்கள் வெளியே தெரியும். செய்யும் வேலையே உருவமாக நின்ற கட்டடம் அது; எனக்குப் பிடித்ததும் அதனால்தான்.

1965 அக்டோபர் 8-ல் பிரதமர் ஹரோல்டு வில்சன் பர்மிங்காம் மேயருக்கு போன் போட்டுத் திறந்துவைத்தார். மறு வருஷம் மே மாதம் மக்களுக்கும் கதவு திறந்தது. 34-வது மாடியில் சுழலும் உணவகம். சூப் வருவதற்குள் ஜன்னலில் வேறு லண்டன் வந்திருக்கும். 1971 அக்டோபர் 31 விடிகாலையில் அங்கே கழிவறையில் குண்டு வெடித்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. அதன்பின் கெடுபிடி ஏறியது. 1980-ல் உணவகத்தின் குத்தகையும் முடிந்தது. அப்புறம் விசேஷ நாட்களில் அழைப்போ குலுக்கலோ கிடைத்தவர்கள்தான் மேலே போனார்கள்.

இதில் ஒரு கூத்து வேறு. ஊரே பார்க்கும் கோபுரம் அரசு ரகசியமாம்! 1993-ல் கேட் ஹோயி என்ற எம்.பி., அவையில் பேசியதற்கு வழக்கு வராமல் நாடாளுமன்றச் சிறப்புரிமை தன்னைக் காக்கும் என்ற நம்பிக்கையில் சொல்வதாக ஆரம்பித்து, அந்தக் கோபுரம் இருக்கிறது, முகவரி 60, கிளீவ்லண்ட் தெரு என்று அவையிலேயே போட்டு உடைத்தார்.

கண்ணாடி இழைக் கேபிள் வந்தபின் ஆன்டெனாக்களுக்கு வேலை போயிற்று. 2011-ல் துருப்பிடித்துக் கிடந்தவற்றைக் கழற்றினார்கள். 2003 முதல் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் அதற்கும் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கழற்றியபின் பார்த்தபோது பல் விழுந்த தாத்தா போல இருந்தது.

சரி, இப்போது ஹோட்டல் வரட்டும். அறை வாடகை நமக்குக் கட்டாது, தெரியும். ஆனால் அந்த 34-வது மாடியை மறுபடி சுழலவிட்டு, ஒரு காபிக்குக் காசு கொடுப்பவரையும் மேலே ஏற்றுவார்களா? முதல் வரிசையில் நான் நிற்கிறேன்.