தட்டைப் பிரித்தார்கள், ரேசரைப் பிரிக்கவில்லை

மூன்று வருடங்களுக்கு முன்பு எனக்குத் தம்பி முறையான என் சித்தப்பா மகனுக்குக் கத்தாரில் டிரைவர் வேலை உறுதியானது. ஏஜென்ட்டுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, பெட்டிகூட வாங்கியாகிவிட்டது. மெடிக்கலுக்குப் போனான். கையில் கொடுத்த சீட்டில் இருந்தது ஒரே சொல்: அன்ஃபிட். ஏன் என்று கேட்டதற்குக் கவுண்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமல் "பி பாசிட்டிவ்" என்றாராம். இவன் அதை ரத்த வகை என்று நினைத்துக்கொண்டு, தான் ஓ பாசிட்டிவ் என்றும் எங்கோ தவறு நடந்திருக்கிறது என்றும் கால் மணி நேரம் வாதாடியிருக்கிறான். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர்தான் ஓரமாக அழைத்துச் சென்று, "தம்பி, அது மஞ்சள் காமாலை பி" என்று விளக்கியிருக்கிறார். டாக்டர்கள் ஹெபடைடிஸ் பி என்று சொல்லும் ஈரல் வைரஸ் தொற்று அது. ஒரு மருத்துவச் செய்தியை அவனுக்கு முதலில் சொன்னவர் முன்பின் தெரியாத ஒரு வெல்டர்.

வீட்டில் விஷயம் தெரிந்த அன்றே சித்தி அவனுடைய தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்துவைத்துவிட்டார். பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு. மற்ற பாத்திரங்கள் சமையலறைக் கூடையில் இருக்க, இது மட்டும் கொல்லையில் துவைக்கும் கல்லின் மேல் கவிழ்ந்து கிடந்தது. நான் போயிருந்தபோது அதைப் பார்த்துவிட்டுக் கேட்டேன். குழந்தை இருக்கிற வீடு, ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா என்றார். அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதே வீட்டுக் குளியலறையில் ஒரே ரேசரை அவனும் அவனுக்கு இளையவனும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அது யார் கண்ணிலும் படவில்லை.

தவறு பாதி நம் சொல்லில் இருக்கிறது. மஞ்சள் காமாலை என்பது கண் மஞ்சளாவதற்கான பெயர். அதற்குள் பல வைரஸ்களை ஒன்றாகப் போட்டு வைத்திருக்கிறோம். ஏ, இ ஆகிய இரண்டும் கெட்ட தண்ணீராலும் உணவாலும் வருபவை. பி அப்படியல்ல. ரத்தத்தின் வழியாக, உடலுறவின் வழியாக, பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு என்றுதான் பரவும். ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, கட்டிப்பிடித்தால் வராது. ரேசரில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரத்தத்திலோ அந்த வைரஸ் குறைந்தது ஒரு வாரம் உயிரோடு இருக்கும். பி வைரஸ் பெரும்பாலானவர்களுக்குக் கண்ணை மஞ்சளாக்குவதும் இல்லை. இருபது முப்பது வருடம் சத்தமில்லாமல் ஈரலில் குடியிருந்துவிட்டு, சிலருக்கு ஈரல் சுருங்கி இறுகும் சிரோசிஸ் என்றும் ஈரல் புற்றுநோய் என்றும் வெளியே வரும்.

அடுத்து நடந்தது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கீழாநெல்லி. ஏஜென்ட்டே சொல்லி அனுப்பியிருந்தார்: மூன்று மாதம் குடித்துவிட்டு வேறு இடத்தில் மெடிக்கல் பாருங்கள், நெகட்டிவ் வந்துவிடும் என்று. கீழாநெல்லியைக் கேலி செய்ய நான் வரவில்லை. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினரும், இந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கும் சேர்ந்து 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதிய ஆய்வே இருக்கிறது. முப்பது நாள் கீழாநெல்லி மருந்து கொடுத்ததில் 59 சதவீதம் பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. முதல் பாதி மட்டும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது, இரண்டாம் பாதி வரவே இல்லை. தம்பி மூன்று மாதம் குடித்தான். பாசிட்டிவ் பாசிட்டிவாகவே இருந்தது. நடுவில் ஒரு தனியார் லேபில் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, பார்க்க ஆயிரக்கணக்கில் செலவு செய்தான்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது, பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தொலைவில் இருந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்தப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். மத்திய அரசின் வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்டது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஏஜென்ட்டுக்குத் தெரியாது. எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரருக்கும் தெரியாது.

அங்கே போனதும் டாக்டர் முதலில் கேட்டது, அம்மாவுக்குப் பார்த்தீர்களா என்பதுதான். பெரியவர்களுக்கு இந்த வைரஸ் தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் அது நிரந்தரமாகத் தங்கும். பிறக்கும்போது தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூறு. எனவே இந்த வயதில் ஒருவன் ஈரலில் அது குடியிருந்தால், வந்த வழி பெரும்பாலும் தொட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். சித்திக்குப் பரிசோதனை செய்தார்கள். பாசிட்டிவ். சித்தி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, சின்னவனுக்கும் பார்க்கச் சொல் என்றார். சின்னவனுக்கு நல்லவேளையாக இல்லை.

சித்தியின் பிரசவக் காலத்தில் குழந்தைக்குப் பிறந்தவுடன் போடும் ஹெபடைடிஸ் பி ஊசி அரசு அட்டவணையில் இல்லை. தமிழ்நாட்டுக்குச் சற்று முன்பே வந்தாலும், நாடு முழுவதற்கும் வந்தது 2011இல்தான். தம்பியின் மகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் 24 மணி நேரத்துக்குள் அந்த ஊசி போட்டிருக்கிறார்கள். பிறகு ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில், ஹெபடைடிஸ் பி உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியும் போட்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்கான வேலையை இந்த மாநிலம் ஒழுங்காகத்தான் செய்கிறது. என் கோபம் பெரியவர்களைப் பற்றியது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் ஹெபடைடிஸ் பி உடன் வாழ்ந்தவர்கள் சுமார் 2.98 கோடி. எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் ஏறத்தாழ 25 லட்சம். பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். எச்.ஐ.வி.க்கு நம் ஊரில் நம்பிக்கை மையம் இருக்கிறது. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் உட்காரவைத்துப் பேச ஆலோசகர் இருக்கிறார். வேலையிலிருந்து நீக்கினால் கேட்பதற்கு 2017இல் வந்த சட்டம் இருக்கிறது. இவையெல்லாம் தானாக வரவில்லை, பாதிக்கப்பட்டவர்கள் போராடி வாங்கியவை. ஆனால் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று தெரிந்தவனுக்கு ஒரு நாற்காலிகூடக் கிடையாது. எரிச்சல் என்னவென்றால், இரண்டு நோய்க்கும் டெனோஃபோவிர் என்ற அதே மருந்து பயன்படுகிறது. மருந்து ஒன்று, ஆனால் அதனிடம் போய்ச் சேரும் பாதை ஒருவனுக்கு இருக்கிறது, இன்னொருவனுக்கு இல்லை.

வளைகுடா நாடுகள் எடுப்பதும் எடுக்காததும் அவர்கள் இஷ்டம். (தட்டு கழுவினால்கூடப் பரவாத நோய்க்கு டிரைவரை ஏன் தடுக்கிறார்கள் என்று கேட்க ஆசைதான். கேட்டு என்ன ஆகப்போகிறது.) நான் கேட்பது சின்ன விஷயம். நம் மண்ணில் நம் பிள்ளைகளின் ரத்தத்தை எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு மெடிக்கல் சென்டரும் அந்தச் சீட்டின் பின்பக்கம் நான்கு வரி அச்சடிக்க வேண்டும் என்று அரசு சொல்லட்டும். எந்த அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் யார் யாருக்குப் பரிசோதனை. யாருக்குத் தடுப்பூசி. எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது, ஆனால் கண்காணிப்பு எல்லோருக்கும் உண்டு. அவ்வளவுதான்.

கூடவே பாசிட்டிவ் ஆனவரின் கணவன், மனைவி, உடன்பிறந்தவர்களுக்கு மூன்று தவணைத் தடுப்பூசியையும் கூப்பிட்டு இலவசமாகப் போடட்டும். 1997இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே தயாரிக்கத் தொடங்கிய பிறகு விலை இறங்கிய ஊசி அது. தம்பி தன் மனைவிக்கு மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்கித்தான் போட்டான்.

அவனுக்கு இப்போது மாத்திரை தேவைப்படவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் ஸ்கேனும் பார்க்கிறான். கத்தாருக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு லோடு வண்டி வாங்கி ஓட்டுகிறான். சென்ற வாரம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் மெடிக்கல் சீட்டோடு அவனைத் தேடி வந்திருக்கிறான். பையனை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய், ஓ.பி. சீட்டு வாங்கிக் கொடுத்து, வரிசையில் உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறான். சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தேன், வெள்ளையாகத்தான் இருக்கிறது என்றான்.