தை வரை காத்திருக்க வேண்டாம்

யாழ்ப்பாணக் கடலேரிக்குப் பறவை பார்க்கப் போக தை மாதமே நல்லது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். பூநாரைக்கும் ஊசிவால் வாத்துக்கும் அது சரி. சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைகளுக்கு நான் புரட்டாசி, ஐப்பசியைத்தான் சொல்வேன். மாரி மழை இறங்குமுன் பண்ணைப் பாலத்தின் இரு பக்கமும், அராலிப் பக்கமும் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வற்றிக் கிடக்கும். உள்ளான்களுக்கு வேண்டியது அந்தச் சேறுதான். கார்த்திகையில் வெள்ளம் ஏறினால் அவை சிதறிவிடும், பிறகு தேடித் திரிய வேண்டியதுதான்.

இன்னொன்று, செப்டம்பரில் வருபவற்றில் சிலதுக்கு இனப்பெருக்க காலத்து நிறம் முழுக்கப் போயிருக்காது. சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு வரும், கீழ்நோக்கி வளைந்த மூக்குள்ள சிறு உள்ளானின் வயிற்றில் செங்கல் நிறத் திட்டுகளைப் பார்க்கலாம். மார்கழிக்குள் எல்லாம் ஒரே சாம்பல். அப்புறம் எது எதென்று பிரிக்க மூக்கையும் காலையும்தான் பார்க்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பெரிய தலையிடி!

பாலத்தில் காலையில் போனால் மேற்குப் பக்கம் பாருங்கோ, வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பின்னேரம் மறுபக்கம். பஸ்கள் வேகமாக வரும் ரோட்டு அது, மோட்டார்சைக்கிளை நன்றாக ஓரங்கட்டி விடுங்கள். படத்துக்காகச் சேற்றுக்குள் இறங்கிக் கூட்டத்தைக் கிளப்ப வேண்டாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்தவை, தின்று உடம்பு தேற்றிக்கொண்டிருக்கின்றன. சுண்டிக்குளம் கடலேரிக்கு மட்டும் நீங்கள் சொன்னபடி தையிலேயே போகலாம்.