பழைய டேடோனா 675 வாங்கப் போறீங்களா? கையில மல்டிமீட்டர் இருக்கட்டும்

பழைய ட்ரையம்ஃப் டேடோனா 675 ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்று விலைக்கு வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" இந்த வண்டிக்கு அது இரண்டாம்பட்சம் என்பேன். மூன்று சிலிண்டர் எஞ்சின் கெட்டியானது. நேரத்துக்கு ஆயில் மாற்றிய வண்டி என்றால் அதிகம் ஓடியிருந்தாலும் எடுக்கலாம். படுத்துவது பேட்டரி சார்ஜிங்தான்.

அதிலும் 2006 முதல் 2012 வரை வந்த, சீட்டுக்கு அடியில் சைலன்சர் உள்ள மாடல்களில் கூடுதல் கவனம் தேவை. எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் சுருள்தான் ஸ்டேட்டர். அது தரும் கரண்டில் வண்டிக்கு வேண்டியது போக மிஞ்சுவதை, வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ஷார்ட் செய்தே சமாளிக்கிறது. அந்தச் சூட்டில் ரெகுலேட்டர் போகும், கனெக்டர் உருகும், கடைசியில் ஸ்டேட்டர் சுருளே கருகும்.

மல்டிமீட்டரில் அளந்தால், எஞ்சின் ஓடாதபோது பேட்டரியில் 12.6 வோல்ட்டாவது இருக்கணும். ஸ்டார்ட் செய்து 4,000 – 5,000 ஆர்.பி.எம்.மில் பிடித்தால் 13.5 முதல் 14.5 வரை காட்டணும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போச்சு. 13க்கு மேல் ஏறவே இல்லையா? ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று வயர் பிளக்கைக் கழற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, இரண்டிரண்டு வயராக ஏசி வோல்ட் பாருங்கள்; மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக வரணும். எஞ்சினை அணைத்தபின் எந்த வயருக்கும் பாடிக்கும் கன்டினியூட்டி (கரண்ட் பாயும் தொடர்பு) இருக்கக் கூடாது, இருந்தால் ஸ்டேட்டர் அவுட். கழற்றிய பிளக்கின் பிளாஸ்டிக் பழுப்பேறி இருந்தால் மீட்டரே வேண்டாம், கதை தெரிந்துவிடும். இதையெல்லாம் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் ஒருமுறை பாருங்கள், குளிர்ந்த வண்டியில் பல கோளாறு ஒளிந்துகொள்ளும். "போன மாசம்தான் புது பேட்டரி போட்டேன்" என்று விற்பவர் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள், ஏன் போட்டார் என்று கேளுங்கள். சூடு குறைவாக ஏறும் மாஸ்ஃபெட் வகை ரெகுலேட்டர் மாற்றியிருந்தால் அந்த வண்டிக்கு நான் கொஞ்சம் கூடுதலாகவே கொடுப்பேன்.

போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் எழும் கேம் செயின் சத்தம் சில நொடியில் அடங்கணும். அடங்காவிட்டால் அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரில் வேலை இருக்கிறது.

வால்வ் கிளியரன்ஸ், அதாவது வால்வுப் பக்கம் இருக்க வேண்டிய சிறு இடைவெளியை, 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்கணும். அதைச் சரிசெய்யும் ஷிம் என்ற சிறு தகட்டை மாற்ற, வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டைக் கழற்ற வேண்டும், கூலி அதிகம், அதனால்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். பில் இல்லையென்றால் செய்யவில்லை என்றே கணக்கு வையுங்கள்.

அடுத்தது, ரேஸ் டிராக்கில் ஓடிய வண்டியா என்பது. வண்டியை மூடும் ஃபேரிங் புதிதாக இருந்தால் எதையும் மறைக்கும். ஆயில் ட்ரெயின் போல்ட், பிரேக் காலிப்பர் போல்ட் தலைகளைப் பாருங்கள். போல்ட் கழலாமலிருக்கக் கம்பி கட்டப் போட்ட சிறு துளை இருந்தால் அது டிராக் வண்டி. அதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம், நன்றாகப் பராமரித்தவையும் உண்டு. ஆனால் ஹேண்டிலை இருபக்கமும் முழுக்கத் திருப்பி, ஃப்ரேமில் முட்டி நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே நசுங்கியோ உடைந்தோ இருந்தால் பலமாக விழுந்த வண்டி. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

இரண்டு சாவியையும் போட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள், பதிவான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத இமொபிலைசர் உள்ள வண்டி. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து கம்பெனி குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைத்த ரீகால் வேலை பாக்கி இருக்கிறதா என்று டீலரிடம் கேட்டுவிட்டு, அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.