ஒரு கடுகளவு ஈயின் உடல் ஏன் அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டும்

புதிய உயிரினம் ஒன்றுக்குப் பெயர் வைக்க அதைக் கொன்றுதான் ஆக வேண்டுமா? பூச்சிகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் யாராவது ஒருவர் என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார். நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள். கையில் இருக்கும் செல்போனே இவ்வளவு துல்லியமாகப் படம் எடுக்கிறதே, படத்தை வைத்துப் பெயரிட்டுவிட்டு உயிரைப் பறக்கவிடலாமே என்பது அவர்கள் வாதம். பறவைக்கும் தவளைக்கும் அதில் நியாயம் இருக்கலாம். பாலைவனத்தின் சிறிய தேனீ ஈக்களைப் பொறுத்தவரை என் பதில் வேறு. உடல் வேண்டும். சீட்டு எழுதி, ஊசியில் ஏற்றி, பெட்டியில் பத்திரமாக வைத்த உடல் வேண்டும்.

தேனீ ஈ என்பது தேனீ அல்ல; இரண்டே சிறகுகள் கொண்ட ஈ. உடலெங்கும் மென்ரோமம், பல இனங்களுக்கு முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சுகுழல், அந்தரத்தில் அசையாமல் நின்று பூவை மொய்க்கும் பழக்கம். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் யாரும் தேனீ என்றுதான் சொல்வார்கள். பாம்பிலிடே என்ற இந்தக் குடும்பத்தில் இதுவரை பெயரிடப்பட்டவை மட்டும் 4500க்கு மேல். வறண்ட நிலம் என்றால் இவற்றுக்குக் கொண்டாட்டம். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனங்கள், மத்தியதரைக் கடலோரம், தென்னாப்பிரிக்கா, மத்திய ஆசியா, ஆஸ்திரேலியா எங்கும் செழித்திருக்கின்றன. மணலில் தனித்தனியே வளை தோண்டி வாழும் தேனீக்கள் நிறைந்த இடங்கள் அவை. பல தேனீ ஈக்களின் புழுக்கள் வளர்வதே அந்த வளைகளுக்குள்தான்.

முட்டையிடும் விதத்தைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. பல இனங்களில் பெண் ஈயின் வயிற்று நுனியில் மணலைச் சேர்த்து வைக்க ஒரு சிறு அறை இருக்கிறது. அது முதலில் வெற்று மணலில் இறங்கி, வயிற்று நுனியைத் தரையில் பதித்து, உடல் அதிர அதிர அந்த அறையை நிரப்பிக்கொள்கிறது. உள்ளிருந்து வரும் முட்டை அந்த மணலில் புரண்டு, மேலெல்லாம் மண் ஒட்டி வெளியே வருகிறது. பிறகு எழும்பி, தேனீ வளையின் வாய்க்கு நேரே காற்றில் நின்றபடி வயிற்றை ஒரு சுண்டு சுண்டுகிறது. முட்டை தெறித்து வளைக்குள் விழுகிறது. மறுபடி ஒரு சுண்டு. பொரித்து வரும் புழு தானே ஊர்ந்து தேனீயின் அறையைத் தேடிப் போகிறது. தேனீப் புழு கொழுக்கும்வரை காத்திருந்து, அதன் பிறகு அதை உறிஞ்சித் தின்கிறது. வளர்ந்து கூட்டுப்புழுவானதும் தலையில் உள்ள முட்களால் மண்ணைக் குடைந்துகொண்டு மேலே வருகிறது.

இந்தக் கூட்டத்துக்குப் பக்கத்து உறவாக இன்னொரு கூட்டம் உண்டு. மிதிகோமையிடே என்று பெயர். முன்பு இவற்றையும் தேனீ ஈக்களோடு சேர்த்தே எண்ணினார்கள்; இப்போது தனிக் குடும்பம். கூன் விழுந்த முதுகு, மிகக் குறைந்த ரோமம், பல இனங்கள் கடுகளவுதான். மிதிகோமையா என்ற ஒரே பேரினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் பெயரிடப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவை மொஹாவி, சொனோரன் போன்ற வட அமெரிக்கப் பாலைவனங்களைச் சேர்ந்தவை. ஆக்ஸல் மெலாண்டர் என்ற அறிஞர் அவற்றைப் பற்றிய பெரும் ஆய்வை வெளியிட்டது 1961இல். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அத்தனைக்குப் பிறகும் இவற்றில் பெரும்பாலானவற்றின் புழு எங்கே, எதைத் தின்று வளர்கிறது என்பது அறிவியலுக்கே தெரியாது.

இப்படி ஓர் ஈயைப் புதிது என்று சொல்வதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். வசந்தத்தில் பாலைவனம் பூக்கும் நாட்களில் மஞ்சள் கிண்ணங்களில் சோப்பு கலந்த தண்ணீரை ஊற்றி மணலில் வைக்கிறார்கள். மஞ்சள் நிறத்தைப் பூ என்று எண்ணி ஈக்கள் இறங்குகின்றன. அவற்றை வடித்து ஆல்கஹாலில் சேமித்து, பிறகு கண்கள் சுருங்கிவிடாதபடி பக்குவமாக உலர்த்த வேண்டும். உடலில் நேரடியாக ஊசி குத்தினால் மார்பு சிதைந்துவிடும். அதனால் தடித்த காகிதத்தைச் சிறு முக்கோணமாக வெட்டி, கூர்நுனியில் பொட்டளவு பசை வைத்து, ஈயின் பக்கவாட்டை அதில் ஒட்டுகிறார்கள். ஊசி காகிதத்தின் மறுமுனையில் இறங்குகிறது. அதன் கீழே இடம், தேதி, பிடித்தவர் பெயர் எழுதிய சீட்டு. முக்கியமான வேலை இதன் பிறகுதான் தொடங்குகிறது. ஆண் ஈயின் வயிற்று நுனியைக் கழற்றி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டால் தசை கரைந்து, இனப்பெருக்க உறுப்பின் கடினமான பாகங்கள் மட்டும் மிஞ்சும். அதைக் கிளிசரினில் போட்டு, நுண்ணோக்கியின் கீழே இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து வரைகிறார்கள். வெளியே ஒன்றுபோலத் தெரியும் இரண்டு ஈக்கள் அங்கேதான் வேறு வேறு என்று தெரியவரும். வரைந்து முடித்த பாகம் சிறு குப்பியில் அடைக்கப்பட்டு அதே ஊசியில் ஏறுகிறது. இத்தனையில் எதைச் செல்போன் படம் காட்டிவிடும்?

படத்தை மட்டும் வைத்துப் பெயரிட்டதும் நடந்திருக்கிறது, அதுவும் ஒரு தேனீ ஈக்குத்தான். 2015இல் கனடாவின் ஸ்டீஃபன் மார்ஷலும் ஹவாய் பிஷப் அருங்காட்சியகத்தின் நீல் எவன்ஹூயிஸும் தென்னாப்பிரிக்காவிலிருந்து மார்லெய்மையா சைலோகோப்பே என்ற புதிய இனத்தை விவரித்தார்கள். மரம் துளைக்கும் தேனீயை அச்சாக ஒத்திருக்கும் பெரிய, அழகான ஈ. அருங்காட்சியகத்தில் உடல் இல்லை; புகைப்படங்கள் மட்டுமே. உயிரினங்களை இனம் பிரித்துப் பெயரிடும் வகைப்பாட்டியல் உலகம் இரண்டாகப் பிளந்தது. மறு ஆண்டு 493 பேர் கையெழுத்திட்டு, படத்தை நம்பிய வகைப்பாடு போதாது, தேவையற்றது, கேடு விளைவிக்கக்கூடியது என்று கடிதம் வெளியிட்டார்கள். ஆதரித்தவர்களும் சாதாரணமானவர்கள் அல்லர். விலங்குப் பெயர்களுக்கான பன்னாட்டு ஆணையம் 2017இல் படம் வழியாகப் பெயரிடுவதைத் தடை செய்யவில்லை. உடலைப் பாதுகாக்காவிட்டால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பது போன்ற பரிந்துரைகளைச் சேர்த்தது.

அந்த இருவர்மீது எனக்கு மரியாதை உண்டு. தேனீ ஈக்களின் உலகப் பட்டியலைத் தொகுத்தவர்களில் ஒருவர் எவன்ஹூயிஸ். வாழ்நாளெல்லாம் இவற்றைப் பார்த்தவர் ஒரு படத்தைப் பார்த்து இது புதிது என்றால் நான் நம்புவேன். ஆனால் அந்த நம்பிக்கை அவருடைய கண்மீது. அந்தக் கண் பழகியது ஊசியில் ஏறிய உடல்களைப் பார்த்துப் பார்த்துத்தான். அடுத்த தலைமுறைக்கு நாம் படங்களை மட்டும் விட்டுச் சென்றால் அவர்களுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? அறிஞர் தவறியிருந்தாலும் உடல் இருந்தால் இன்னொருவர் திறந்து பார்த்துத் திருத்தலாம். நூறு ஆண்டுக்கு முந்தைய மாதிரியின் காலிலிருந்துகூட இன்று டிஎன்ஏ எடுக்கிறார்கள்.

பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு டெல்லி சாண்ட்ஸ் ஈயின் கதையைச் சொல்வேன். டெல்லி சாண்ட்ஸ் என்பது தெற்குக் கலிஃபோர்னியாவின் ஒரு மணல் நிலம். அங்கே மட்டும் வாழும் பூ நாடும் பெரிய ஈ ஒன்றை 1941இல் காஸியர் என்பவர் விவரித்து வைத்தார். வேறொரு குடும்பம், ஆனால் தேனீ ஈக்களுக்குத் தூரத்துச் சொந்தம். ஐம்பது ஆண்டுகள் கழித்து வீடுகளும் கிடங்குகளும் அந்த மணலை விழுங்கியபோது, 1993இல் அது அமெரிக்காவின் அருகிவரும் உயிரினங்கள் பட்டியலில் ஏறியது. அந்தப் பட்டியலில் ஏறிய முதல் ஈ அதுதான். கோல்ட்டன் நகரில் எழவிருந்த மருத்துவமனையின் இடமே அதற்காகச் சற்று நகர்த்தப்பட்டது. கட்டுநர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஈயின் பக்கம் நின்றது. காஸியர் அதை விவரிக்காமல் விட்டிருந்தால் நீதிமன்றத்தின் முன் யாருக்காக வாதாடியிருப்பார்கள்?

இதை மனத்தில் வைத்து மொஹாவியைப் பாருங்கள். 2014இல் இவான்பா சூரிய மின்நிலையம் சுமார் 3500 ஏக்கரில் அங்கே இயங்கத் தொடங்கியது. பாலைவன ஆமைகளைத் தேடிப் பிடித்து இடம் மாற்றினார்கள். ஆமைக்குப் பெயர் உண்டு, சட்டப் பாதுகாப்பு உண்டு. பெயரில்லாத ஈயை எந்தச் சட்டமும் தேடிப் பார்க்கச் சொல்லாது. சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிலத்தைச் சமன்படுத்தும் முன் அங்கே என்ன பறக்கிறது என்று ஒரு வசந்தமாவது கிண்ணம் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

கொல்வது கொல்வதுதானே என்ற கேள்விக்கு வருகிறேன். ஆம், ஈ சாகிறது. அதைப் பூசி மெழுக மாட்டேன். ஆனால் ஓர் ஈ இனத்தை அழிப்பது மணலும் தேனீ வளைகளும் போவது. ஆய்வாளரின் கிண்ணம் அதை அழித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒரே ஒரு மணல்மேட்டில் மிஞ்சியிருக்கும் இனம் என்றால் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும், மறுக்கவில்லை. அருங்காட்சியகமே எரிந்துபோனால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். 2018 செப்டம்பரில் ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது பூச்சித் தொகுப்பின் பெரும்பகுதி சாம்பலானது. அதனால்தான் ஒரே இனத்தின் மாதிரிகளைப் பல நாடுகளுக்குப் பிரித்து வைக்கச் சொல்கிறோம்.

நம் நாட்டுச் சட்டமும் உடலைத்தான் கேட்கிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி, புதிய இனம் ஒன்றைக் கண்டவர் அதன் மாதிரியை அரசு குறித்த காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். கொல்கத்தாவின் இந்திய விலங்கியல் ஆய்வகம் அவற்றில் ஒன்று. பிரிட்டிஷ் இந்தியாவின் ஈக்களைப் பற்றி 1920இல் தொகுதி எழுதிய புருனெட்டி ஓர் இசைக்கலைஞர். தேனீ ஈக்களும் அந்தத் தொகுதியில் இருக்கின்றன. இந்த வேலைக்கு ஆர்வலர்கள் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

எனவே பூச்சிகளைப் படம் எடுக்கும் நண்பர்களே, எடுப்பதை நிறுத்தாதீர்கள். சிறகின் நரம்பு தெரியும்படி மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் ஒன்று எடுங்கள். எந்தச் செடியின் பூ, எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை மணி என்று குறித்து வையுங்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு வகைப்பாட்டியலாளர் உரிய அனுமதியோடு அந்த இடத்துக்கு வலையோடு வந்தால், எந்தப் பூவில் பார்த்தீர்கள் என்று அழைத்துப் போய்க் காட்டுங்கள்.