செவ்வாயும் வெள்ளியும், நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரை

"மனதைத் திடமாக வைத்துக்கொள்" என்று என்னிடம் சொன்னவர்களை எண்ணிப் பார்த்தால் ஒரு கல்யாணப் பந்திக்கு ஆள் தேறும். "நீ போய்க் கொஞ்சம் படு, உன் அத்தையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னவர் ஒரே ஒருவர்தான், அவரும் சொந்தக்காரர் இல்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மறதிநோய் வந்த என் மாமியாரை நான்கரை வருடம் பார்த்துக்கொண்டேன். இரவு இரண்டு மணிக்கு எழுந்து, "நேரமாகிவிட்டது, ஊருக்குப் போக வேண்டும்" என்று வாசல் தாழ்ப்பாளை இழுப்பார்கள். (அவர்கள் சொல்லும் ஊரில் எங்களுக்கு வீடு இருந்தது ஐம்பது வருடத்துக்கு முன்னால்.) கணவருக்கு ஆலையில் ஷிப்ட் வேலை. நாத்தனார் ஞாயிறுதோறும் போன் செய்து, "மதினி, தியானம் செய்து பாருங்களேன்" என்பாள். தியானத்தோடு எனக்குப் பகை இல்லை. நான் கண்ணை மூடினால் அத்தை கதவைத் திறந்துவிடுவார்களே!

மூன்றாம் வருடம் எனக்கே மறதி வந்தது. ரேஷன் கார்டை அரிசி டிரம்முக்குள் வைத்துவிட்டு இரண்டு நாள் வீடு முழுக்கத் தேடினேன். தண்ணீர் ஊற்றாமல் குக்கரை அடுப்பில் ஏற்றினேன். இருபது வருடம் பழகிய எதிர்வீட்டு டீச்சரின் பெயர் ஒரு காலையில் வாயில் வரவில்லை. இது தொற்றிக்கொள்ளும் நோயோ என்றுகூடப் பயந்தேன். படித்தவள்தான், ஆனாலும் பயந்தேன். நரம்பியல் மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "கடைசியாக எப்போது இடையில் எழாமல் தூங்கினீர்கள்?" யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. பரிசோதனைகளில் கோளாறு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கடற்குதிரை போல ஒன்றை வரைந்து காட்டினார். அதுதான் ஹிப்போகாம்பஸ், புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் பகுதி. அந்தக் கிரேக்கப் பெயருக்கே கடற்குதிரை என்றுதான் பொருளாம்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். ஆபத்து என்று மூளை நினைத்தால், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசோலைச் சுரக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி உடம்பை ஓடத் தயார் செய்யும் ஹார்மோன் அது. கெட்டது என்று சொல்ல முடியாது. தினமும் காலையில் நம்மை எழுப்பி நடமாட வைப்பதில் அதற்கும் பங்குண்டு. "போதும், நிறுத்து" என்று அந்தச் சுரப்பை அடக்கும் இடங்களில் ஒன்று இந்தக் கடற்குதிரை. இதே வகை ஹார்மோன் எலி மூளையில் ஹிப்போகாம்பஸில் போய்த் தங்குவதை 1968இல் புரூஸ் மெக்கீவனும் அவருடன் இருந்தவர்களும் கண்டறிந்தார்கள். மாதக்கணக்கில் அது ஊறிக்கொண்டே இருந்தால் அடி வாங்கும் இடமும் அதுவே. அடக்க வேண்டியது நலிந்துபோனால் சுரப்பு இன்னும் அடங்காது. வட்டி கட்ட இன்னொரு கடன் வாங்குவது போலத்தான்.

அதன் பிறகு நானே தேடிப் படித்தேன். பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜியின் குழு 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. எலிகளைத் தினமும் 2 மணி நேரம் வீதம் 10 நாள் அசையவிடாமல் வைத்தார்கள். ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கிவிட்டன. பயத்தைக் கையாளும் அமிக்டலாவிலோ கிளைகள் விரிந்திருந்தன. நினைவு சுருங்க, பயம் தழைத்திருக்கிறது. எங்கள் வீட்டு நடையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதியது போல இருந்தது எனக்கு.

அரிவாள்மனையில் வெட்டுப்பட்ட என் விரல் வாரக்கணக்கில் ஆறாமல் கிடந்ததற்கும் விடை கிடைத்தது. அமெரிக்காவின் ஒஹையோவில், மறதிநோய்க்காரர்களைப் பராமரிக்கும் 13 பெண்களுக்கும் அதே வயதுள்ள வேறு 13 பெண்களுக்கும் தோலில் 3.5 மில்லிமீட்டர் அளவில் காயம் உண்டாக்கிப் பார்த்திருக்கிறார்கள். பராமரித்தவர்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக 9 நாள் கூடுதலாக ஆனது. 1995இல் வெளிவந்த ஆய்வு அது.

இத்தனையும் படித்த பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. அந்த எலிகளுக்கு மன உறுதி போதவில்லை என்று யாரும் எழுதவில்லை. அடைத்து வைத்தார்கள், சுருங்கிற்று, அவ்வளவுதான். மனிதர்கள் என்று வரும்போது மட்டும், அதிலும் வீட்டுப் பெண்கள் என்று வரும்போது, பாரத்தைப் பற்றிப் பேசாமல் தூக்குகிறவளின் மனசைப் பற்றிப் பேசுகிறோம். 14416 என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது. நானும் ஒருமுறை அழைத்தேன், பொறுமையாகத்தான் கேட்டார்கள். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் போனில் பேசுகிறவர் இரவு இரண்டு மணிக்கு வந்து தாழ்ப்பாளைப் பிடித்துக்கொள்ள முடியாது.

பிடித்துக்கொண்டவர், நான் பெயர் மறந்த அதே டீச்சர். ஓய்வுபெற்றவர், மூட்டுவலிக்காரர். "செவ்வாய், வெள்ளி நான்கிலிருந்து ஆறு வரை நான் உட்கார்ந்துகொள்கிறேன், நீ எங்கேயாவது போ" என்றார். முதல் நாள் எங்கே போவது என்றே தெரியவில்லை. பாளையங்கோட்டை பஸ் நிலையத்தில் ஜங்ஷன் போகும் டவுன் பஸ் நின்றது. மகளிருக்குக் கட்டணமில்லை, ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் எழுப்பியபோது ஜங்ஷன் வந்திருந்தது. அதே பஸ்ஸில் திரும்பினேன், மறுபடியும் தூங்கினேன். இரண்டு மாதம் இப்படியே பஸ்ஸில் தூங்கினேன். குக்கர் அதன் பிறகு கருகவில்லை.

பெங்களூருக் குழு 2004இல் இன்னொன்றும் எழுதியிருக்கிறது. எலிகளை 21 நாள் நிம்மதியாக விட்டபோது ஹிப்போகாம்பஸ் பழைய நிலைக்கு வந்துவிட்டது, அமிக்டலா வரவில்லை. அத்தை இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. ரேஷன் கார்டு பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று இன்று என்னால் சொல்ல முடியும். தாழ்ப்பாளுக்குக் கணவர் எண்ணெய் போட்டுவிட்டார், இப்போது சத்தமே வருவதில்லை. இருந்தும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து, நடையில் போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்து படுக்கிறேன்.