ஸ்டார் போட்டவர் அந்தக் கடைக்குப் போனாரா?

கூகுள் மேப்பில் யார் வேண்டுமானாலும் எந்தக் கடைக்கும் ஸ்டார் போடலாம். ஒரு ஜிமெயில் கணக்கு போதும். கடைக்குள் கால் வைத்தாரா, பில் கட்டினாரா என்று யாரும் கேட்பதில்லை. இதை நம்பித்தான் குழந்தையை எந்த டாக்டரிடம் காட்டுவது, கல்யாணத்துக்கு எந்த மண்டபம் பிடிப்பது என்பது வரைக்கும் முடிவு செய்கிறோம். எனக்கு இது ரொம்பக் கவலையாக இருக்கிறது.

வீட்டில் ஒருவருக்குப் பல் எடுக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் ஒரு கிளினிக், 4.9 ஸ்டார். ரிவியூக்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரே வாரத்தில் வரிசையாக 5 ஸ்டார், எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாவற்றிலும் டாக்டரின் முழுப்பெயரும் ஏரியா பெயரும். வலியோடு போய்வந்த எந்த நோயாளி இப்படி எழுதுவார்? எழுதியவர்களின் பெயரைத் தட்டிப் பார்த்தால், அதே ஆள் அதே வாரத்தில் லூதியானாவில் ஒரு ஃபர்னிச்சர் கடைக்கும் சூரத்தில் ஒரு லாரி சர்வீஸுக்கும் 5 ஸ்டார் போட்டிருக்கிறார். நடுவில் தமிழில் ஒன்றே ஒன்று, 2 ஸ்டார்: எக்ஸ்ரேக்குத் தனியாகக் காசு வாங்கினார்கள், முன்னாடியே சொல்லவில்லை என்று. எனக்குத் தேவையான தகவல் அந்த ஒன்றில்தான் இருந்தது.

இந்த 5 ஸ்டார்கள் எங்கிருந்து வருகின்றன? காசு வாங்கிக்கொண்டு எழுதுவது ஒரு தொழிலாகவே நடக்கிறது. “வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், ஓட்டலுக்கு ரேட்டிங் போட்டால் பணம்” என்று வாட்ஸப்பிலும் டெலிகிராமிலும் வரும் மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும். முதலில் நூறு, இருநூறு ரூபாய் கையில் கொடுத்து நம்ப வைப்பார்கள். அப்புறம் “பெரிய டாஸ்க்” என்று நம்மைப் பணம் கட்டச் சொல்வார்கள். லட்சக்கணக்கில் இழந்தவர்கள் இருக்கிறார்கள். மாட்டிக்கொண்டவர்கள் தாமதிக்காமல் சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

கடைக்காரர்கள் ஏன் இதில் இறங்குகிறார்கள் என்பதும் புரிந்துகொள்ள முடியாததல்ல. ஹார்வர்டில் மைக்கேல் லூகா என்ற பேராசிரியர் சியாட்டில் நகர உணவகங்களை வைத்து 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கடைகளுக்கு ரிவியூ எழுதும் அமெரிக்கத் தளமான யெல்ப்பில் ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்று அதில் வந்தது. பெரிய செயின் ஓட்டல்களுக்கு இந்த மாற்றம் இல்லை, தனிக்கடைகளுக்குத்தான். ஸ்டாரால் பிழைப்பதும் சாவதும் சின்னக் கடைதான். நேர்மையாக மெஸ் நடத்தும் ஒருவருக்குப் போட்டிக்காரர் ஆள் வைத்து 1 ஸ்டார் போட்டால், அவரால் அதை நீக்க முடியாது. புகார் பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

2017இல் லண்டனில் ஊபா பட்லர் என்பவர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று, ஓட்டல்களுக்கு ரிவியூ போடும் டிரிப்அட்வைசர் தளத்தில் பதிவு செய்தார். ஷேவிங் நுரையை வைத்தெல்லாம் சாப்பாடு மாதிரி படம் எடுத்துப் போட்டார். நண்பர்களை விட்டு ரிவியூ எழுத வைத்தார். சில மாதங்களில் அந்த இல்லாத உணவகம் லண்டனிலேயே முதலிடத்துக்கு வந்துவிட்டது! வெளியே தெரிந்தது, அவரே சொன்னதால்தான்.

“பார்த்துப் படித்து ஏமாறாமல் இருப்பது உங்கள் பொறுப்பு” என்று வாசகர் தலையில் கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். தளத்தால் முடியாதது இல்லை இது. புக்கிங்.காமில் அறை பதிவு செய்தவர்தான் ரிவியூ எழுத முடியும். அமேசானில் வாங்கியவரின் ரிவியூவுக்குத் தனி அடையாளம் இருக்கிறது. கூகுளிடமோ கூகுள் பே இருக்கிறது. ஸ்கேன் செய்து பணம் கட்டியவர், அவர் சம்மதித்தால், “இங்கே பணம் செலுத்தியவர்” என்று காட்டுவது அவ்வளவு பெரிய நிறுவனத்துக்குக் கஷ்டமா?

அமெரிக்காவில் பொய் ரிவியூ விற்பதையும் வாங்குவதையும் தடை செய்யும் விதி 2024 அக்டோபரில் அமலுக்கு வந்தது. பிரிட்டனில் 2025 ஏப்ரலில். நம் நாட்டில் பொருள்களுக்குத் தரநிலை வகுக்கும் அரசு அமைப்பான பிஐஎஸ் 2022 நவம்பரிலேயே ஆன்லைன் ரிவியூக்களுக்கு ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்துவிட்டது. எழுதுபவர் நிஜமான ஆள்தானா என்று தளம் சரிபார்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் விரும்பினால் பின்பற்றலாம் என்றுதான் வெளியிட்டார்கள். விருப்பத்துக்கு விட்டால் யார் செய்வார்கள்? அதைக் கட்டாயமாக்க வேண்டும், மீறும் தளத்துக்கு அபராதம் போட வேண்டும்.

அதுவரை ஒரு வேண்டுகோள். நல்ல கடை, நல்ல மெக்கானிக், நல்ல டாக்டர் கிடைத்தால் தமிழிலேயே எழுதுங்கள். என்ன வேலைக்குப் போனீர்கள், எவ்வளவு ஆயிற்று, எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், எது பிடிக்கவில்லை என்று நாலு வரி. முடிந்தால் பில்லில் உங்கள் பெயரையும் நம்பரையும் மறைத்துவிட்டு ஒரு படம்.