பற்பசையைப் பல்லோடு நிறுத்துங்கள்

கறுப்புக் கார் வைத்திருப்பவனைப் பார்த்து, "என்ன சார், வண்டியெல்லாம் வெள்ளைப் புள்ளியாக இருக்கிறதே" என்று கேட்கும் நல்லவர்களுக்குச் சொல்கிறேன்: எனக்கும் கண் இருக்கிறது. பானெட்டிலும் கூரையிலும் டிக்கியிலும் புள்ளி இருப்பது எனக்குத் தெரியும். கேட்டுவிட்டுப் போய்விட்டால்கூடப் பரவாயில்லை. போக மாட்டார்கள். காரிலேயே சாய்ந்து நின்றுகொண்டு வைத்தியம் சொல்லத் தொடங்குவார்கள். எலுமிச்சம்பழம், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், சமையல் சோடா, பற்பசை, பாத்திரம் தேய்க்கும் பச்சை நார். இரண்டாவது மாடிக்காரர் கழிப்பறை கழுவும் அமிலத்தையே சிபாரிசு செய்தார். டைல்ஸில் படிந்த உப்புக் கறை அதில் பளிச்சென்று போகிறதாம், காரில் மட்டும் போகாதா என்கிறார். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஐயா. காரை யாரும் பீங்கானில் செய்வதில்லை.

இத்தனை வைத்தியம் சொன்னவர்களில் ஒருவர்கூட "அது என்ன புள்ளி, எங்கிருந்து வந்தது" என்று கேட்டதில்லை. எரிச்சலே அதுதான். கார் மேல் ஒட்டுகிறவை எல்லாம் ஒரே வகை என்று முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள். புதிதாகப் போட்ட சாலையில் போய்வந்தால் கதவின் கீழ்ப்பகுதியில் தெறித்திருக்கும் கறுப்புப் பொட்டு தார். அது மண்ணெண்ணெயில் கரையும், மறுக்கவில்லை. என் காரில் இருப்பது தண்ணீர் காய்ந்து விட்டுப்போன உப்புக் கறை. அதே மண்ணெண்ணெயை இதில் தேய்த்தால் என்ன ஆகும்? எண்ணெய்ப் படலம் புள்ளியை மூடிக்கொள்வதால் அன்று மாலைவரை எதுவும் தெரியாது. தேய்த்தவர் மீசையை முறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் சோப்பு போட்டுக் கழுவியதும் எல்லாப் புள்ளியும் திரும்பிவந்து வரிசையாக நிற்கும். உப்பும் சுண்ணாம்பும் எண்ணெயில் கரையாது என்பது எட்டாம் வகுப்புப் பாடம். தேங்காய் எண்ணெய்க் கட்சிக்காரர்களுக்கும் இதே பதில்.

இனி பற்பசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் காய்கறி வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து என் மைத்துனன் பழைய பனியனும் பற்பசையுமாகக் கீழே இறங்கியிருக்கிறான். யூடியூபில் பார்த்தானாம். நான் திரும்பி வந்தபோது பானெட்டில் பாதி முடிந்திருந்தது. "பாருங்கள் அத்தான், கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது" என்றான். கார் நிறுத்தும் இடம் இருட்டு, அங்கே எதுவும் கண்ணாடிதான். வெயிலுக்கு எடுத்துவந்தால் பானெட் முழுவதும் வட்டவட்டமாகக் கீறல், சிலந்தி வலை போட்டது போல. பற்பசையில் இருப்பது பல்லின் எனாமலைத் தேய்க்கத் தேவையான சிலிக்காத் தூள், சிலவற்றில் கால்சியம் கார்பனேட் தூள். பல் எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதைத் தேய்க்கச் செய்த தூளை பிளாஸ்டிக் போன்ற ஒரு பூச்சின் மேல் வட்டமாக அழுத்தித் தேய்த்தால் வேறென்ன நடக்கும்? புள்ளிகள் போயினவா என்றால், பாதி போயின. அவற்றோடு சேர்ந்து பளபளப்பும் போனது. மாமியார் முன்னால் எதுவும் சொல்ல முடியாமல் விழுங்கிக்கொண்டேன். அதைத்தான் இங்கே கொட்டுகிறேன்.

காரின் நிறம் என்று நாம் பார்ப்பதை நாம் தொடுவதே இல்லை. தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற வார்னிஷ் போன்ற ஒரு படலம். கிளியர் கோட் என்பார்கள். கை படுவதும் வெயில் படுவதும் பற்பசை படுவதும் அதன் மேல்தான். பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் 35 முதல் 50 மைக்ரான்தான். தலைமுடி ஒன்று பெரும்பாலும் அதைவிடத் தடிமனானது. ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் இந்தப் படலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுக்கிறார்கள். எடுத்தது எடுத்ததுதான், வளர்ந்து வராது. "இன்னும் நன்றாக அழுத்தித் தேயுங்கள்" என்று சொல்கிறவர்கள் எதைத் தேய்க்கச் சொல்கிறார்கள் என்று தெரிந்துதான் சொல்கிறார்களா?

புள்ளி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். எங்கள் பகுதி சென்னையில் மேடவாக்கம் பக்கம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, வாளியின் விளிம்பில் வெள்ளை வளையம் கட்டும், கீசரின் கம்பி ஓடு போட்டுக்கொள்ளும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 கடினத்தன்மைக்கு, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு வகைகளுக்கு, வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை போகலாம். அந்த 600-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 10 லிட்டர் வாளி ஒன்றில் கால்சியம் கார்பனேட் கணக்கில் 6 கிராம். கார் மேல் ஊற்றித் துடைக்காமல் விட்டால் தண்ணீர் ஆவியாகிவிடும், அந்தச் சுண்ணாம்பு எங்கே போகும்? ஒவ்வொரு துளியும் தான் நின்ற இடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போகிறது.

காலையில் கார் கழுவ வரும் பையனைத் திட்டுவது எங்கள் குடியிருப்பில் ஒரு பொழுதுபோக்கு. அவன் என்ன செய்வான்? வெயில் ஏறுவதற்குள் அத்தனை கார்களையும் முடிக்க வேண்டும். கொடுத்திருப்பது ஒரு வாளி, ஒரு மஞ்சள் துணி, உப்புத் தண்ணீர்க் குழாய். முதல் காரின் மண் கடைசிக் காருக்குப் போய்ச் சேரும். மாதம் சில நூறு ரூபாயை அவன் கையில் வைத்துவிட்டு ஷோரூம் பளபளப்பை எதிர்பார்ப்பவர்கள், இரண்டாவது வாளி ஒன்றும் நல்ல மைக்ரோஃபைபர் துணி இரண்டும் வாங்கிக் கொடுக்க யோசிக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. தண்ணீரைச் சேமிக்கிறோம் என்று ஆர்ஓ இயந்திரத்தின் கழிவு நீரைப் பிடித்துவைத்து அதில் கார் கழுவச் சொல்லிச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றறிக்கை வந்தது. சேமிப்பு நல்லதுதான். சென்னைக்காரனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, 2019 கோடையைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் அந்த இயந்திரம் உப்பை விழுங்கிவிடுவதில்லை. குடிக்கும் தண்ணீரிலிருந்து ஒதுக்கிய உப்பெல்லாம் அந்தக் கழிவுக் குழாய் வழியாகத்தான் வெளியே வருகிறது. கிணற்றுத் தண்ணீரைவிட அது இன்னும் கெட்டி. தரையைக் கழுவலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். கார் கழுவ அதைவிட மோசமான தண்ணீர் வீட்டில் கிடைக்காது. சேமிக்க வேண்டுமானால் ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பிடியுங்கள். அது காற்றின் ஈரம், அதில் உப்பு இல்லை என்றே சொல்லிவிடலாம். கடைசியாக அலசி ஊற்ற அதுதான் சரி. இதையும் குழுவில் போட்டேன். யாரோ ஒருவர் கும்பிடும் கைகளை அனுப்பினார், அவ்வளவுதான்.

என் கார் மேல் இருப்பவற்றில் மிகக் கொடியவை கிணற்றுத் தண்ணீரால் வந்தவை அல்ல, மேலேயிருந்து விழுந்தவை. எனக்கு ஒதுக்கிய இடத்துக்கு நேர் மேலே முதல் மாடிக் குளியலறை. கூரைத் தளத்தில் ஒரு வெடிப்பு, அதன் வழியாக ஆண்டுக்கணக்கில் சொட்டுகிறது. கான்கிரீட்டுக்குள் இறங்கும் தண்ணீர் சிமெண்டில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. காற்றுப் பட்டதும் கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக உறைகிறது. கூரையிலிருந்து வெள்ளைக் குழல்கள் விரல் நீளத்துக்குத் தொங்குகின்றன. உறைவதற்கு முன் அந்தச் சொட்டு கடுமையான காரம். கிளியர் கோட்டின் மேல் காய்ந்தால் வெறும் படிவாக நிற்காது, அரித்து உள்ளே இறங்கும். ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் போதும், ரூபாய் நாணயம் அளவுக்குத் தழும்பு.

செயலாளரிடம் சொன்னேன். "நீங்கள் ஒரு கவர் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்களேன்" என்றார். கார் நிறுத்துமிடத்துக்கும் சேர்த்துப் பத்திரப் பதிவு செய்து, மாதம் தவறாமல் பராமரிப்புக் கட்டணமும் கட்டுகிறவனுக்குக் கிடைக்கும் பதில் இது. சரி, என் கார் போகட்டும். கான்கிரீட்டின் அந்தக் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. சொட்டுச் சொட்டாக அது வெளியேறிக்கொண்டே இருந்தால், கம்பி துருப்பிடிக்கும், துரு வீங்கும், தளம் பெயர்ந்து விழும். அன்றைக்கும் கவர் போட்டுக்கொள்ளச் சொல்வாரா?

சரி, என்னதான் செய்வது என்று கேட்பவர்களுக்கு. முதலில் காரை நிழலில் நிறுத்தி, தகடு குளிரும்வரை பொறுங்கள். கார் ஷாம்பூ போட்டுக் கழுவிவிட்டு, விரலால் புள்ளியைத் தடவிப் பாருங்கள். மேடாகச் சொரசொரத்தால் அது படிவு, கரைத்து எடுக்கலாம். பள்ளமாகவோ, தடவினால் எதுவும் தட்டுப்படாமல் கண்ணுக்கு மட்டுமோ தெரிந்தால் அரித்துவிட்டது, எந்தச் சமையலறைப் பொருளும் அதற்கு உதவாது. படிவாக இருந்தால் வெள்ளை வினிகர் போதும். கடையில் கிடைப்பதில் 4, 5 சதவீதம்தான் அசிட்டிக் அமிலம். அதையும் சம அளவு நல்ல தண்ணீரில் கலந்து, மெல்லிய துணியை நனைத்துப் புள்ளி மேல் போர்த்திவிடுங்கள். ஓரிரு நிமிடம். தேய்க்க வேண்டாம். அமிலம் தன் வேலையைத் தானே செய்யும், சுண்ணாம்பு கரைந்துவிடும். காய விடாமல் உடனே தாராளமாகக் கழுவுங்கள். போகாவிட்டால் இன்னொரு முறை. எலுமிச்சையிலும் அமிலம் இருக்கிறது, சரிதான். ஆனால் நம் மக்கள் பாதி பழத்தை வெட்டி, தூசி படிந்த காரின் மேல் நட்டநடு வெயிலில் அரக்கித் தேய்த்து, சாற்றை அப்படியே காய விட்டுவிடுகிறார்கள். கெடுப்பது பழமல்ல, மணலும் வெயிலும் அவசரமும்.

அதற்கும் மசியாமல் ஒட்டியிருக்கும் சொரசொரப்புக்கு கிளே பார் என்று ஒரு களிமண் கட்டி விற்கிறார்கள். வழுக்கும்படி ஷாம்பூத் தண்ணீர் தெளித்துக்கொண்டு, அழுத்தாமல் நகர்த்த வேண்டும். கீழே விழுந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள், மண் ஒட்டிய கட்டி உப்புத்தாளுக்குச் சமம். பிளேடால் சுரண்டச் சொன்ன மெக்கானிக்கைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

பறவை எச்சமும் மரப்பிசினும் தனிக் கதை. எச்சம் வெயிலில் காய்வதற்குள் ஈரத்துணியை அதன் மேல் போட்டு ஊற வைத்து எடுத்துவிட வேண்டும், மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் தழும்புதான். பிசினுக்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால் கொஞ்சம், பிறகு கழுவல். புங்க மரத்து நிழல் வேண்டும், ஆனால் கார் மேல் எதுவும் ஒட்டக் கூடாது என்று எதிர்பார்ப்பவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

கடைசியாக, காரை மெருகேற்றித் தரும் டீட்டெய்லிங் கடைக்குப் போனேன். புள்ளியைக் காட்டுவதற்கு முன்பே, கிளியர் கோட்டின் மேல் பாதுகாப்புக்குப் பூசும் செராமிக் கோட்டிங்கின் விலைப்பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். மைத்துனன் கொடுத்த கீறலுக்கு பாலிஷ், அதன் மேல் கோட்டிங், கூட்டிப் பார்த்தால் என் ஒரு மாதச் சம்பளத்தில் நல்ல பங்கு. "ஒன்பது எச் கடினம் சார், கிட்டத்தட்ட வைரம்" என்றான் பையன். அந்த ஒன்பது எச் பென்சில் அளவுகோல், தம்பி. பூச்சின் மேல் பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனை அது. வைரத்துக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. போகட்டும், கோட்டிங் போட்டால் உப்புப் புள்ளி வராதா என்று கேட்டேன். "தண்ணீர் முத்து முத்தாக நிற்கும் சார்" என்றான் பெருமையாக. அந்த முத்து ஒவ்வொன்றும் நின்ற இடத்தில் காய்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டதும் முதலாளியைக் கூப்பிடப் போய்விட்டான்.

பாலிஷை இப்போதைக்குத் தள்ளிவைத்துவிட்டேன். மேலே சொட்டுவது நிற்காதவரை, இருக்கும் கொஞ்சம் கிளியர் கோட்டையும் தேய்த்து எடுத்து, மறுபடி சுண்ணாம்பு விழ இடம் செய்து கொடுப்பதில் அர்த்தமில்லை. கூரை வெடிப்பு, தொங்கும் குழல்கள், பானெட் தழும்பு எல்லாவற்றையும் படமெடுத்து, கடைக்காரர் கொடுத்த மதிப்பீட்டையும் சேர்த்துச் சங்கத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரல் நேற்று வந்தது. நுழைவாயிலுக்குப் புதிய வண்ண விளக்கு இருக்கிறது, நீர்க்கசிவு இல்லை. இந்த மாதப் பராமரிப்புக் கட்டணத்தைக் கேட்டு வருகிற செயலாளரிடம் முதலில் அந்த மதிப்பீட்டுக்குப் பதில் வாங்கப் போகிறேன்.